வேண்டாம்னு சொல்லித் தொலைக்காதே, பேராண்டி

ஞாயித்துக்கிழமை மத்தியானம் காலி ஊறுகாய் பாட்டிலைக் கொண்டுபோய்த் தெருமுனைக் கண்ணாடித் தொட்டியில போட்டே. டமார்னு சத்தம். மூணாவது மாடி ஜன்னல் திறந்துச்சு, ஒரு கெழவி தலையை நீட்டி ஒன்னை வைதா. சரி, நடந்துபோச்சு. அதுக்குப் போய் எனக்குப் போன் போட்டு, "தாத்தா, இந்த ஊர்ல மனுசன் இருக்க முடியாது, நான் கோவில்பட்டிக்கே வந்துடறேன்"னு மூக்கை உறிஞ்சுனா எப்படிலே? இங்க பாட்டிலை எங்க போட்டாலும் எவனும் கேக்க மாட்டான், வாஸ்தவம். அந்த ஒரு சொகத்துக்காகவா ஜெர்மனி உத்தியோகத்தை விட்டுட்டு வாரே?

நான் ரயில்வே கேட்டுல இருந்து ரிட்டயர் ஆனவன். கேட்டை இறக்கிட்டு உக்காந்தா ஊரே வையும். மாட்டுவண்டிக்காரன் வைவான், மோட்டார்சைக்கிள்காரன் வைவான், கல்யாண வேனுல போற பொம்பளைக மொத்தமாச் சேந்து வைவாக. அதையெல்லாம் வாங்கி வாங்கி எனக்கு வசவுல தரம் பிரிக்கத் தெரியும். ஒன் வீட்டுல நானும் ஒங்க ஆச்சியும் வந்து தங்கியிருந்தப்போ அந்த மூணாவது மாடியம்மா எங்களையும்தான் வைதா. பாஷை புரியாட்டாலும் கேட்ட மாத்திரத்துல எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இவ ஒன்னை ஊரை விட்டு விரட்ட வையல. இந்தக் கட்டடத்துல நீயும் ஒரு ஆளுன்னு கணக்குல எடுத்துக்கிட்டதால வைறா. கணக்குல இல்லாதவனை யாரு வைவா?

ஞாயித்துக்கிழமைங்கிறது அவுகளுக்கு லேசுப்பட்ட சமாச்சாரம் இல்லப்பா. 1919-ல எழுதுன அரசியல் சட்டத்துலயே ஞாயித்துக்கிழமை ஓய்வுக்குன்னு ஒரு ஷரத்து வச்சிருக்காக. பொறவு ஹிட்லர் வந்தான், யுத்தம் வந்துச்சு, நாடே இடிஞ்சு தரைமட்டமாச்சு. 1949-ல புதுச் சட்டம் எழுத உக்காந்தவுக, பழசுல எதை வச்சுக்கலாம் எதைக் கழிச்சுடலாம்னு பாத்து, இந்த ஞாயித்துக்கிழமையையும் தூசி தட்டிப் பத்திரமா உள்ள எடுத்து வச்சுக்கிட்டாக. அப்பேர்ப்பட்ட கிழமையில நீ ஊறுகாய் பாட்டில் உடைக்கே. தொட்டியிலயே ஒட்டியிருக்கு, வேலைநாள்ல காலையில இத்தனை மணியில இருந்து சாயங்காலம் இத்தனை மணி வரைக்கும்னு. காலி பாட்டிலுக்கும் ஆபீஸ் நேரம் இருக்கு, ஒனக்குத்தான் இல்ல.

அந்தத் தொட்டியும் ஒண்ணா? வெள்ளைக் கண்ணாடிக்கு ஒண்ணு, பச்சைக்கு ஒண்ணு, பழுப்புக்கு ஒண்ணு. ஒரு நீலப் பாட்டிலைக் கையில வச்சுக்கிட்டுத் தாத்தனும் பேரனும் நடுரோட்டுல முழிச்சோமே. பச்சையில போடணுமாம். சாதி பாக்காத சீமைன்னு நம்பி வந்தா, அங்க பாட்டிலுக்குப் பாக்கான்.

பாட்டில் விசயத்துல ஒனக்கு என் மேல ஒரு கோவம் இருக்கு, நான் மறக்கல. பார்க்குல நடக்கப் போனப்போ பெஞ்சுக்கடியில கிடந்த பிளாஸ்டிக் பாட்டிலையெல்லாம் பொறுக்கிப் பையில போட்டேன். நீ எனக்கும் ஒனக்கும் ஒட்டுமில்ல உறவுமில்லன்னு குளத்து வாத்தைப் பாத்துக்கிட்டு நின்னே. ஒரு பாட்டிலுக்கு 25 சென்ட்டுலே! கடையில அந்த மெஷினுக்குள்ள விட்டா, ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு முழுங்கிட்டுச் சீட்டு குடுக்குது. நம்ம காசுக்கு இருபது ரூபாய்க்கு மேல. பீர் பாட்டிலுக்கு மட்டும் 8 சென்ட்டுதான். குடிகாரனை எல்லா ஊர்லயும் ஏமாத்தத்தான் செய்றாக. நான் குனிஞ்சு பொறுக்குறதைப் பாத்த ஒரு சின்னப்பய, காதுல வளையம் போட்டவன், குடிச்சு முடிச்ச பாட்டிலைக் குப்பைத்தொட்டிக்குள்ள எறியாம அதுக்குப் பக்கத்துல நிமித்தி வச்சுட்டு, எனக்கு ஒரு தலையாட்டு ஆட்டிட்டுப் போனான். பொறுக்குற ஆளு குப்பைக்குள்ள கைவிட வேண்டாமேன்னு அந்த ஊர்ல நெறையப் பேரு அப்படித்தான் வச்சிட்டுப் போறாகன்னு பொறவு கவனிச்சேன். நீ வாத்தையே பாத்துக்கிட்டு இருந்ததால ஒனக்குத் தெரிய நியாயமில்ல.

கதவுக் கைப்பிடியில தொங்குன அந்த அட்டை! அதை விளம்பரம்னு நினைச்சு நீ காகிதத் தொட்டியில போட்டது இருக்கே, அதை நம்ம டீக்கடையில இன்னும் சொல்லிச் சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். இந்த வாரம் மாடிப்படி பெருக்குற முறை ஒன்னோடதுன்னு அர்த்தமாம். கேர்வோகென்னு பேரு. ஸ்டுட்கார்ட் பக்கம், அந்த சுவாபியாச் சீமையில, இது குலதெய்வத்துக்கு அடுத்தபடி. கொலம்பஸ் நம்மளைத் தேடிக் கப்பலேறி, வழி தப்பி வேற எங்கேயோ போய் எறங்குனான் பாரு, அதே 1492-ல ஸ்டுட்கார்ட்டுல சட்டம் போட்டுட்டாகளாம், அவனவன் சாணியையும் குப்பையையும் வாராவாரம் வெளிய கொண்டு போயிரணும்னு. அந்தச் சட்டம் போட்ட பிரபுவோட பேரைச் சொல்லும்போது மூணாவது மாடியம்மா முகத்துல ஒரு பெருமை ஓடுச்சு. சொந்தத் தாய்மாமனைப் பத்திப் பேசுற தோரணை.

ஒங்க ஆச்சி விடுவாளா? விடியக்காலம் எந்திரிச்சு மூணு மாடிப் படியையும் பெருக்கி, ஈரத்துணியால துடைச்சு, கைப்பிடியைக்கூட விட்டு வைக்கல. அத்தோட நின்னிருக்கலாம். பழக்கதோசம், ஒன் கதவுக்கு முன்னாடி கோதுமை மாவை எடுத்து நாலு புள்ளி வச்சு ஒரு கோலத்தை இழுத்துட்டா. மேல இருந்து அந்தம்மா பரிசோதனைக்கு எறங்கி வந்தாக. படியை விரலால தடவிப் பாத்தாக, திருப்தி. ஓரத்தைக் குனிஞ்சு பாத்தாக, அதுவும் திருப்தி. ஒன் வாசலுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டுப் பாத்துட்டு ஒங்கிட்ட கேட்டாக: இவ்வளவு நல்லாப் பெருக்கிட்டு, எதுக்கு மறுபடியும் மாவைக் கொட்டி வச்சிருக்கீங்க? நீ விளக்கம் சொல்லுதேன்னு எறும்புக்குச் சாப்பாடு போடுறது எங்க வழக்கம்னு எடுத்துவிட்டே. அடப்பாவி! கட்டடத்துக்குள்ள எறும்பைக் கூப்பிட்டு வச்சு விருந்து போடுறாகன்னு கேட்டதும் அந்தம்மா முகம் போன போக்கு! லட்சுமி வருவான்னு சொல்லியிருந்தா, யாரோ விருந்தாளின்னு நினைச்சுப் பேசாமப் போயிருப்பாகல்ல?

ஒன் பேரு விவகாரமும் எனக்கு ஒரு வகையில சந்தோசம்தான். பாஸ்போர்ட்டுல குடும்பப் பேரு கட்டத்துல ஒங்கப்பா பேரு ஏறிப்போச்சு. தபால்பெட்டியில அந்தப் பேருதான். ஒட்டலேன்னா தபால் திரும்பிப் போயிரும், அங்க கட்டடத்துக்குத்தான் நம்பரு, உள்ள இருக்கிற வீட்டுக்குக் கிடையாது. அதனால ஆபீசுல, ஆஸ்பத்திரியில, எல்லாரும் ஒன்னை 'ஹெர்', அதான் நம்ம 'திரு', போட்டு ஒங்கப்பா பேரால கூப்பிடுறான். மதுரைக்குப் போறதுக்கே ரெண்டு நாள் யோசிக்கிற மனுசன் எங்க மாப்பிள்ளை. அவர் பேரு ஜெர்மனியில தெனம் மீட்டிங்ல அடிபடுது. நீ லேட்டாப் போனா அவருக்குத்தான் கெட்டபேரு. ஒங்கம்மா வந்திருந்தப்போ பார்சல்காரன் கீழ நின்னு அந்தப் பேரை உரக்கக் கூப்பிட்டானாமே? கல்யாணமான நாள்ல இருந்து அவ வாயால சொல்லாத பேரு. கையெழுத்துப் போடணும், பேரைச் சொல்லுங்கன்னு அவன் நிக்கான், இவ முந்தானையை வாயில வச்சுக்கிட்டு நிக்கா. அந்தப் பார்சல் போன எடம் இன்னிக்கு வரைக்கும் தெரியல.

வீட்டுல டிவியே இல்ல, டிவிக்கு மாசம் 18 யூரோ 36 சென்ட் கட்டுன்னு கடுதாசி வந்துருச்சுன்னு குதிச்சே. அது வீட்டுக்கு வர்ற வரி, டிவிக்கு இல்ல. கட்டித் தொலை. கட்டுற காசுக்கு ஒரு டிவி வாங்கி வை, நான் வந்தாப் பாப்பேன்.

இப்ப விசயத்துக்கு வாரேன். ஒன் கஷ்டத்துல பாதி எங்க கிடக்குன்னா, அந்தம்மா நம்மளைக் காபிக்குக் கூப்பிட்டாகளே, அன்னிக்கு அந்த மேசையில கிடக்கு.

நாலு மணின்னு சொன்னாக. நீ, "டக்குனு போய் நின்னா அலைஞ்சான்னு நினைப்பாக தாத்தா, கொஞ்சம் பிந்திப் போறதுதான் மரியாதை"ன்னு நாலு இருபதுக்குக் கூட்டிட்டுப் போனே. கதவைத் திறந்தவுக மொதல்ல நம்மளைப் பாக்கல, கடிகாரத்தைப் பாத்தாக. கேட்டுல இருந்தவன் நான், அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வண்டி கிளியர் ஆகி, இன்னும் கேட்டைத் திறக்கலேன்னா ஸ்டேசன் மாஸ்டர் பாக்குற பார்வை. மேசையில வெள்ளை விரிப்பு, பூப்போட்ட பீங்கான், நடுவுல ப்ளம் பழத்தை வரிசையா அடுக்கி வேகவச்ச ஒரு பெரிய கேக்கு. பழம் கருஞ்சிவப்பா ஊறி, ஓரத்துல சாறு பொங்கிக் காஞ்சிருக்கு. பக்கத்துக் கிண்ணத்துல அடிச்ச வெண்ணெய்ப் பாலேடு. கத்தியைக் கையில எடுத்துக்கிட்டு அந்தம்மா ஒங்கிட்ட கேட்டாக, கேக்கு சாப்பிடறீங்களா?

நீ என்ன செஞ்சே? நெஞ்சுல கைய வச்சு, ஒரு சிரிப்புச் சிரிச்சு, "ஐயோ, வேண்டாங்க, எதுக்குச் சிரமம்"னே. அவுக "சரி"ன்னாக. ஒன் தட்டை எடுத்து அந்தாண்ட வச்சுட்டாக. ஒங்க ஆச்சியைக் கேட்டாக. அவளும் ஒன் ரத்தம்தானே, ரெண்டு கையையும் ஆட்டி வேண்டாம்னா. அவ தட்டும் போச்சு.

நம்ம பக்கம் ஒரு வீட்டுக்குப் போனா மூணு தடவை மறுக்கணும், நாலாவது தடவை கேக்காமலே இலையில விழுந்துரும். ரெண்டாவது தடவையே சரின்னுட்டா, சோத்தைக் கண்டதில்லையோன்னு பேசுவாக. அந்த நாலாவது தடவைக்காக நீ எச்சியை முழுங்கிக்கிட்டுக் காத்துக்கிட்டு இருந்தே. ரெண்டாவது தடவையே வரலியே! அவுக ஒன்னை நம்பிட்டாகலே. வேண்டாம்னு சொன்னே, வேண்டாம்னு எடுத்துக்கிட்டாக. ஒன் சொல்லை இந்த அளவுக்கு ஒன்னைப் பெத்தவகூட நம்புனதில்ல.

எங்கிட்ட கேட்டப்போ நான் பேசல, தட்டை நீட்டிட்டேன். ரெண்டாவது துண்டுக்கும் நீட்டினேன். பாலேடையும் நானே எடுத்து மேல வச்சுக்கிட்டேன். அந்தம்மா முகத்துல அன்னிக்குத்தான் மொதல் சிரிப்பைப் பாத்தேன். நீயும் ஆச்சியும் வெறுங்காபியைக் குடிச்சுக்கிட்டு என்னை முறைச்சீக. வீட்டுக்கு வந்து ராத்திரி ஏழு மணிக்கு ரவை கிண்டித் தின்னீக.

இதுல இன்னொரு கூத்து. ஒங்கூட வேலை பாக்குறவன் தோட்டத்துல கறி சுடுறேன், வர்றியான்னு கேட்டான். வரலேன்னு சொல்ல மனசு வராம "பாப்போம், வரப் பாக்குறேன்"னே. அவன் ஒன்னையும் சேத்து எண்ணி ஆளுக்கு இத்தனைன்னு வாங்கி வச்சுட்டான். நீ போகல. திங்கக்கிழமை மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கான்னு எங்கிட்ட அழுதே. அவன் மீட்டிங்ல ஒன் கணக்கு தப்புன்னு எல்லாரு முன்னாடியும் சொன்னானே, அதுக்கு நீ ஒரு வாரம் அவனோட பேசல. அவன் அன்னிக்கே மத்தியானம் ஒங்கூடச் சாப்பிட வந்தான், நீதான் எந்திரிச்சுப் போயிட்டே. அவன் கணக்கைச் சொன்னான்லே, ஒன் குலத்தையா சொன்னான்?

அதுக்காக அவுககிட்ட கோணலே இல்லன்னு சொல்ல மாட்டேன். நாம கண்ணுபடும்னு பிள்ளைக்குக் கன்னத்துல பொட்டு வச்சாச் சிரிக்கான். மேலதிகாரி பொறந்தநாளுக்கு நீ மொத நாளே வாழ்த்துச் சொன்னதும் ஆபீசே பதறிப்போச்சாமே? முந்தி வாழ்த்துனா ஆகாதாம். பொறந்தநாள்காரனே கேக்கு வாங்கிட்டு வந்து எல்லாருக்கும் குடுக்கணுமாம். அன்னிக்காவது வேண்டாம்னு சொல்லாமத் தின்னியா?

கேக்கு சாப்பிட்ட அன்னிக்கு நான் மரியாதைக்கு, எப்படியிருக்கீகன்னு கேட்டேன். நீ மொழிபெயர்த்தே. அவ்வளவுதான், அந்தம்மா இடுப்பெலும்பு மாத்தின கதையை ஆரம்பிச்சாக. எந்த ஆஸ்பத்திரி, எத்தனை தையல், பொறவு எந்த மாத்திரை வயித்தைக் கெடுத்துச்சு, இப்ப படியேறும்போது எந்தப் பக்கம் இழுக்குது எல்லாம். நீ நெளியுறே. ஒங்க ஆளுக "நல்லாருக்கேன்"னு சொல்லிட்டு நகந்துருவீக. அவுக அப்படியில்ல, கேட்டவனுக்குப் பதில் சொல்லியே தீருவாக. எனக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. நான் என் முழங்காலை எடுத்து விட்டேன். மழைக்கு முந்தி வலிக்குமான்னு கேட்டாக, ஆமான்னேன். நீ மொழிபெயர்க்கிறதை நிறுத்தினதுக்கு அப்புறமும் நாங்க ரெண்டு பேரும் எந்தெந்த எடத்துல வலிக்குதுன்னு தொட்டுத் தொட்டுக் காட்டிப் பேசிக்கிட்டுத்தான் இருந்தோம்.

அந்தப் பழக்கம்தான் ஆச்சி மோர்மிளகாய் வறுத்த அன்னிக்குக் காப்பாத்துச்சு. கூரையில ஒட்டியிருந்த புகைமணி கூப்பாடு போட்டுச்சே! படுக்கையறைக்கு ஒண்ணு, நடைக்கு ஒண்ணுன்னு சட்டப்படி மாட்டி வச்சிருக்கான், அத்தனையும் கத்துது. நீ துண்டை வீசுறே, ஆச்சி பிள்ளையாரைக் கூப்பிடுறா. அந்தம்மா எறங்கி வந்து, இருமிக்கிட்டே ஒவ்வொரு ஜன்னலா அகலத் திறந்து விட்டாக. வெளிய கார்த்திகைக் குளிரு, எலும்புக்குள்ள போகுது. மூடலாமான்னு கேட்டேன், கடிகாரத்தைக் காட்டி இன்னும் கொஞ்சம்னாக. வீட்டுக்குக் காத்து விடுறது எப்படின்னு ஒன் வாடகைப் பத்திரத்துலயே எழுதியிருக்காமே, சுவத்துல பூஞ்சை பிடிச்சா ஒன் தலையில விழுமாமே? படிச்சியாலே அதை? கையெழுத்து மட்டும் போட்டியா?

ராத்திரி பன்னெண்டு மணிக்கு, ஈ காக்கா இல்லாத ரோட்டுல, சிக்னல்ல சிவப்பு பொம்மையைப் பாத்துக்கிட்டு நாலு பேரு நிக்கான், பைத்தியக்காரனுகன்னு சொன்னியே, அந்த விசயத்துல மட்டும் நான் ஒன் பக்கம் வர மாட்டேன். இறக்குன கேட்டுக்கு அடியில குனிஞ்சு நுழையுறவனை ஆயுசு பூராப் பாத்தவன் நான். தாண்டுனா 5 யூரோ அபராதம். காசு பெருசில்ல. பிள்ளைக பாத்துக் கெட்டுப்போகும்னு ஒருத்தி ஒன்னை வைதாளாமே. அந்நேரத்துக்கு ஏது பிள்ளைன்னு நீ கேட்டிருக்கே. கேட்டிருக்கப்படாது. ஜன்னல்ல எந்தப் பிள்ளை முழிச்சுக்கிட்டு நின்னுச்சோ?

கடைசியா ஒண்ணு சொல்லுதேன், காது குடு. இந்த ஊர்ல எவனும் எங்கிட்டப் பேச மாட்டேங்கிறான், இத்தனை நாளாகியும் ஒரு சிநேகிதம் இல்லன்னு சொன்னேல்ல? அதுக்கு வழி இருக்கு. நீ ரயிலடிக்குப் போ.

ஜெர்மன்காரன் மணி தவறமாட்டான்னு ஒலகமே சொல்லுது. ஆனா 2024-ல அவுக தொலைதூர ரயில்ல நூத்துக்கு 62.5-தான் நேரத்துக்கு வந்திருக்கு. அதுலயும் ஆறு நிமிசத்துக்குள்ள பிந்தி வந்தா அது லேட்டே இல்லன்னு கணக்கு. பேப்பர்ல படிச்சதும் எனக்கு வயித்துல பாலை வார்த்த மாதிரி இருந்துச்சு. நம்ம நெல்லை எக்ஸ்பிரஸைப் பத்தி இனிமே எவனாவது வாயைத் திறக்கட்டும்.

நான் வந்திருந்தப்போ பிளாட்பாரத்துல நின்னு பாத்தேன். வண்டி வர்ற வரைக்கும் ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கிட்டு, ரெண்டு முழம் தள்ளித் தள்ளி, வாயைத் தைச்சுக்கிட்டு நிக்கான். பலகையில 'இருபது நிமிசம் தாமதம்'னு விழுந்துச்சு. ஒருத்தன் பெருமூச்சு விட்டான். அடுத்தவன் தலையை ஆட்டிக்கிட்டு ஏதோ முனகினான். மூணாவது ஆளு, கோட்டுப் போட்ட பெரிய மனுசன், போன வாரம் தனக்கு நடந்ததைச் சொன்னாரு. நாப்பதுன்னு மாறுனதும் ஒரு அம்மா பையைத் திறந்து பிஸ்கட்டை எடுத்து நீட்டுச்சு. எனக்கும் நீட்டுச்சு. நான் எடுத்துக்கிட்டேன். அறுபதுன்னு வந்தப்போ அங்க ஒரு கல்யாண வீட்டுக் களை கட்டிப்போச்சு.

அதனால நாளைக்குச் சாயங்காலம் வேலை விட்டதும் நேரா ஸ்டேசனுக்குப் போ. தாமதம்னு பலகையில விழுந்ததும் பக்கத்துல நிக்கிறவனைப் பாத்து, உதட்டைப் பிதுக்கி, தலையை ரெண்டு தடவை ஆட்டு. ஜெர்மன் மொழி கொஞ்சம் தப்பாப் போனாலும் பரவாயில்ல, ரயில்வேயை வையுறதுல எவனும் இலக்கணம் பாக்க மாட்டான். பிஸ்கட்டு நீட்டுனா வாங்கிக்கோ. வேண்டாம்னு சொல்லித் தொலைக்காதே. ஒருவேளை வண்டி சரியான நேரத்துக்கு வந்து நின்னுட்டா, ஏறாதே. அடுத்த வண்டியைப் பாரு.